மோலிக்குக் கொடுத்த தோல்

1936 ஜூலை 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமாகியும் நாலாம் வகுப்புப் பெண்களில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. கைக்குட்டை ஓரம் தைக்கச் சொன்னால் விரலையும் சேர்த்துத் தைக்கிறார்கள். விடாத மழை. இவர் ரயில்வே ஆபீசிலிருந்து நனைந்துகொண்டு வந்தார். பழைய குளிர் ஜுரம் திரும்பும்போல் இருக்கிறது.

மோலி கணக்குப் பரீட்சையில் முதலாக வந்திருக்கிறாள். அவள் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே பள்ளிக்கூடம், ஒன்றாகவே நடந்து போகிறோம், வருகிறோம், அவள் சொல்லவில்லை. இவளைப் பெற்ற ஜெபமாலை உயிரோடு இருந்தபோது இந்தப் பெண் பெரிய வாயாடி என்று பக்கத்து வீட்டு சென்னம்மா சொல்கிறாள். எனக்குக் கிடைப்பதெல்லாம் "சரிங்க சின்னம்மா" ஒன்றுதான். கல்யாணமாகி ஆகஸ்டோடு ஒரு வருஷம். சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. சண்டை போடவும் ஒரு பழக்கம் வேண்டுமே.

ஜூலை 13, திங்கள்

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பேனாவை விரல் நுனியால் பிடித்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

சனிக்கிழமை காலை, குளியல் அறையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "மோலி, அந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளிட்டு வா" என்றேன். நான்தான் சொன்னேன். குனிந்தபோது பாவாடை பிடித்துக்கொண்டது. அவள் கத்தவில்லை. நின்றபடியே கையால் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். துணி கருகும் வாடை வந்துதான் ஓடினேன். கம்பளியைப் போட்டுச் சுற்றி அமுக்கினேன். இடது பக்கம் அக்குளிலிருந்து இடுப்பு வரை, இடது கை முழங்கைக்குக் கீழே வரை, முதுகில் ஒரு பாகம்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் லிங்கப்பா கன்னடத்தில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன். "பதினோரு வயசுக்கு இது பெரிய காயம்மா. பத்து நாள் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். காயத்தின் மேல் தேயிலைச் சாயம் போல ஒரு மருந்தைத் தெளிக்கிறார்கள். தோல் பழுப்பாகி, பதனிட்டது போல இறுகிவிட்டது.

ஜூலை 22, புதன்

பதினோரு நாள் தாண்டியது. ஜுரம் நூற்று மூன்று. பழுப்புப் பொருக்குக்கு அடியில் சீழ்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பொருக்கையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அடியில் மேல்தோலே இல்லை. கசாப்புக் கடையில் தொங்குவது போல... வேண்டாம், எழுதவேண்டாம். தினமும் உப்புத் தண்ணீர்க் கட்டு. கட்டு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொள்வதில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். சோறு இறங்கவில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது.

டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். தோல் மூடாமல் காயம் திறந்தே கிடந்தால் உடம்பின் சத்தெல்லாம் அது வழியாகவே வடிந்துபோகுமாம். அவளுடைய நல்ல தோலை எடுத்து ஒட்டலாம். ஆனால் எடுக்கிற இடமும் இன்னொரு புண்ணாகும், இன்றைய நிலையில் தாங்கமாட்டாள். வேறொருவர் தோலை வைத்துப் பார்க்கலாம். "சில பேருக்கு நிலைச்சதுன்னு எழுதியிருக்காங்க. எனக்குக் கியாரண்டி இல்லை."

இவர் சட்டைக் கையை மடித்தார். டாக்டர் கண் ரப்பையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "மலேரியா ரத்தம். உங்களுடையது இப்போ வேண்டாம்" என்றார்.

நான் இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

என் ரத்தத்தையும் மோலி ரத்தத்தையும் கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்தார்கள். ஒரே வகையாம். டாக்டருக்கே சந்தோஷம். "பெற்றவளுக்குக்கூட இப்படி அமையணும்னு இல்லை" என்றார். நான் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

நேற்று எடுத்தார்கள். வலது தொடையில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, சவரக்கத்தி போல ஒன்றால் சீவினார்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, நாடா நாடாக வந்தது. ஊசியின் வேகம் தீர்ந்த பிறகுதான் எரிச்சல். தொடையில் மிளகாய் அரைத்து அப்பினதுபோல. ஒரு நாடா எரிவதே இப்படியென்றால் அவளுக்கு உடம்பில் பாதி எப்படி இருக்கும்?

நர்ஸ் ஜேன் திட்டினாள்: "வீட்டுக்குப் போய்ப் படுங்க டீச்சரம்மா. நீங்களும் விழுந்தா உங்களுக்கு யாரு கட்டு போடுறது?" ஜேனும் நம் கோவில்காரிதான். பதினெட்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். ஒட்டியிருக்கிறது! ரோஜா நிறம். ஓரத்தில் லேசாக அழுத்தினால் வெளுத்து, விட்டதும் திரும்பச் சிவக்கிறது. ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தமாம். என் தோலில் அவள் ரத்தம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

ஜுரம் இல்லை. முட்டை ஒன்று, பால் கஞ்சி ஒரு டம்ளர், போதாதென்று இட்லி கேட்டாள். பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மதலேன் அண்ணிகூட என் கையைப் பிடித்து, "என் தம்பி பிள்ளையைப் பொழைக்க வச்சுட்டே" என்றாள். இவருடைய அக்கா என்னைத் தொட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தேன். உண்மையை எழுதத்தானே இந்த நோட்டு.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஒட்டின தோலின் ஓரங்கள் தடித்திருக்கின்றன. நேற்றைவிடச் சிவப்பு. ஜேன் ஓரத்தை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கட்டினாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பதினேழு நாள் இருந்தது. இன்று கட்டோடு கட்டாக வந்துவிட்டது. மஞ்சளித்து, சொதசொதவென்று, ஈரக் காகிதம் உரிவது போல. ஜேன் இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோலி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, மெதுவாகச் சொல்வதாக நினைத்து வார்டு முழுக்கக் கேட்கும்படி: "பெத்தவ இருந்திருந்தா ஒட்டியிருக்கும். அய்யோ பாவம். மனசுல ஒட்டாதது உடம்புல எப்படி ஒட்டும்?"

இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. "அக்கா அப்படித்தான், உனக்குத் தெரியாதா. விடு" என்றார். நான் விட்டுவிடலாம். தொடை விடவில்லை, இன்னும் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது.

நான் அவளை நேசிக்கிறேனா? தாய் போல என்று சொன்னால் பொய். தாய் எப்படி என்று எனக்கே சரியாகத் தெரியாது. மார்டள்ளிக் கிராமத்திலிருந்து ஐந்து வயதில் கன்னியர் மடத்துக்கு வந்தவள் நான். ஆனால் அந்தத் தட்டை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லையே, அது என்ன?

செப்டம்பர் 2, புதன்

டாக்டர் மறுபடி அழைத்துப் பேசினார். தோல் விழுந்தாலும் அந்தப் பதினேழு நாளும் வீண் இல்லை என்றார். காயம் மூடியிருந்தது, ஜுரம் இறங்கியது, ஒன்றரை சேர் எடை ஏறியிருக்கிறாள். "இன்னொரு தடவை மூடினால், அவள் தோலையே எடுக்கிற அளவுக்குத் தேறிடுவா." மலேரியாவுக்குக் கொயினா சாப்பிட்டு இவர் ரத்தம் சுத்தமாகியிருக்கிறது. இந்த முறை இரண்டு பேருடையதும்: கைக்கு என்னுடையது, விலாவுக்கு இவருடையது.

"இவளோடதை எதுக்கு மறுபடி?" என்றாள் அண்ணி. டாக்டர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "ஒரு ஆள் தோல் போதாதும்மா" என்றார், என்னிடம்.

செப்டம்பர் 4, வெள்ளி

இடது தொடை. இவருக்கும் இடது. வீட்டில் இரண்டு பேரும் ஒரே பக்கமாக நொண்டுகிறோம். சென்னம்மா வந்து சாம்பார் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 10, வியாழன்

போச்சு. ஆறே நாளில் போச்சு.

இந்தத் தடவை சிவக்கக்கூட இல்லை. ஐந்தாம் நாளே கறுத்து, இன்று உதிர்ந்துவிட்டது. அவருடையது விலாவில் அப்படியே இருக்கிறது, பளபளவென்று. அவருக்கு ஆறு நாளும் அவ்வளவு அழகாக ஒட்டி, எனக்கு மட்டும் ஏன்? மாதாவே, நான் என்ன பண்ணிட்டேன்? முதல்ல பதினேழு நாள் வச்சிருந்துச்சே அந்த உடம்பு, இப்ப கண்டதும் தள்ளுதே. என்னை இப்பத்தான் சரியாத் தெரிஞ்சுதா அதுக்கு?

அண்ணி வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லையே.

செப்டம்பர் 12, சனி

டாக்டரிடமே கேட்டேன். ஏன் முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சீக்கிரம் விழுந்தது என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியலைம்மா. நான் படிச்ச புத்தகத்திலும் இல்லை. ஒரு தடவை பார்த்ததை உடம்பு ஞாபகம் வச்சிருக்கோ என்னமோ." தேதிகளைத் தம் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஞாபகமாம்.

செப்டம்பர் 16, புதன்

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அவருடைய தோலும் விழவேண்டும் என்று நினைக்கிறேன்.

தினமும் கட்டைப் பிரிக்கும்போது ஓரங்களைப் பார்க்கிறேன். தடித்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா. அது நிலைத்தால் குழந்தைக்கு விலா மூடும். குழந்தை பிழைக்கும். அது தெரிந்துதான் பார்க்கிறேன். நான் எப்படிப்பட்ட பொம்பளை?

செப்டம்பர் 19, சனி

விழுந்துவிட்டது. பதினைந்து நாள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அவ்வளவே. அப்புறம் விலா தெரிந்தது, சிவப்பாக, ஈரமாக. மோலி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இவர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அண்ணி பக்கத்தில் போய் முதுகைத் தடவினாள். இவர் தலையைத் தூக்கிச் சொன்னார்: "பெத்த அப்பன்து என்னாச்சுக்கா? இப்ப சொல்லு." அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். இந்த வார்த்தையை ஆகஸ்டில் சொல்லியிருந்தால் நான் இவரைக் கும்பிட்டிருப்பேன். இப்போது கேட்கும்போது எனக்கு என்மேல்தான் வெட்கமாக இருந்தது.

டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெற்றவள் இருந்திருந்தால், என்று அண்ணி தொடங்கியபோது தலையை ஆட்டினார். "தாயானாலும் இதேதான். ஒரே கருவில் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்களுக்கு மட்டும் நிலைக்கும்னு ஒரு இடத்தில் படிச்சேன். மத்தபடி உடம்புக்குத் தான் வேறே, பிறத்தியார் வேறே. பாசம் எல்லாம் அதுக்குத் தெரியாது." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

மத்தியானம் வார்டில் நானும் மோலியும் மட்டும். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாதும் போயிருச்சா சின்னம்மா?"

"போயிருச்சு."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "அப்ப நான் தள்ளலீங்க."

"எதைத் தள்ளல?"

"உங்க தோலை. மனசுல ஒட்டாததுன்னு அத்தை சொல்லுச்சே. நான்தான் அம்மாவையே நெனச்சுக்கிட்டு உங்களைத் தள்ளிட்டேன்னு நெனச்சேன். அதனால ரெண்டாம் தடவை ஆடாம அசையாமப் படுத்திருந்தேன். மூத்திரம் வந்தாக்கூட ஜேன் அக்காவைக் கூப்பிடல. ஒட்டிக்கோ ஒட்டிக்கோன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பவும் போயிருச்சு." மூச்சு வாங்கியது. "அப்பான்னா எனக்கு ரொம்ப இஷ்டம். அவருதும் போயிருச்சுன்னா... அது நான் இல்லதானே?"

அண்ணி சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றிய பேச்சாகத்தான் அதைக் கேட்டிருப்பாள் என்று இருந்தேன். இருபத்தாறு நாளாக இந்த ரணத்தோடு அதையும் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள்.

"நீ இல்ல கண்ணு. நானும் இல்ல. டாக்டர் சொன்னாரு, உடம்பு அப்படித்தானாம்" என்றேன். பிறகு, "விறகைத் தள்ளச் சொன்னது நான்தானே மோலி" என்று வந்துவிட்டது.

"நான்தான் பாவாடையை இடுக்கிக்காம குனிஞ்சேன்" என்றாள். "விதை இருக்குது, எடுத்துட்டுக் குடுங்க."

செப்டம்பர் 21, திங்கள்

பள்ளிக்குப் போகும் வழியில் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பதினாறாம் தேதி எழுதியதை அப்படியே சொன்னேன். சுவாமியார் முழுவதையும் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை தோல் கேட்டா குடுப்பியா?" என்றார். கொடுப்பேன் சுவாமி என்றேன். "அப்ப போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது" என்றார்.

அக்டோபர் 1, வியாழன்

இன்று மோலியுடைய தோலையே எடுத்தார்கள். வலது தொடையிலிருந்து, ஊசி முனையால் கிள்ளித் தூக்கி, துவரம் பருப்பு அளவில் சின்னச் சின்னத் துண்டுகள். மயக்க மருந்து கொடுத்துத்தான். நாற்று நடுகிற மாதிரி இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்களாம். எண்ணவில்லை, எண்பதுக்கு மேல் என்று ஜேன் சொன்னாள். மயக்கம் தெளிந்ததும் வாந்தி, பிறகு தண்ணீர் கேட்டாள்.

அக்டோபர் 9, வெள்ளி

பத்துக்கு எட்டு பிடித்திருக்கிறது. நாங்கள் யாரும் சந்தோஷப்படவில்லை. முன்னேயும் எட்டு நாள் நன்றாகத்தானே இருந்தது.

அக்டோபர் 18, ஞாயிறு

பதினேழாவது நாள். ஜேன் கட்டை நனைத்து நனைத்துப் பிரித்தாள். இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தன்னைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் விட்டுப் பெருகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வளையங்கள் சில இடத்தில் தொட்டுக்கொண்டுவிட்டன. டாக்டர், "இனி விழாது" என்றார். இதற்கு மட்டும் கியாரண்டி கொடுத்தார்.

இவர் வெளியே போய், வார்டில் இருந்த எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். இனிப்பு ஆகாத டயாபெடிஸ் கிழவி ஒருத்திக்கும் கொடுத்து ஜேனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

அக்டோபர் 23, வெள்ளி

ஊர் முழுக்கத் தசராக் கூட்டம். வார்டு ஜன்னலிலிருந்து தெரிவது மாட்டு வண்டிகளும் தலைகளும்தான். யானையைப் பார்க்க முடியவில்லை என்று மோலிக்குக் கோபம். கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

நவம்பர் 14, சனி

இரண்டு வாரம் முன்பு இரண்டாம் முறையும் துண்டுகள் வைத்தார்கள், முதுகுக்கு. பிடித்துவிட்டது.

டிசம்பர் 5, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. அக்குளில் தோல் சுருங்கி வார் மாதிரி இழுக்கிறது. தினமும் எண்ணெய் தடவி, சுவரில் விரலால் ஏறச் சொல்லியிருக்கிறார் டாக்டர். முழுதாக நிமிராமலே போகலாம் என்றும் சொன்னார். வெந்நீர் அடுப்புப் பக்கம் அவள் போகிறதில்லை. நான் போகச் சொல்வதும் இல்லை.

டிசம்பர் 17, வியாழன்

சுவரில் விரல் நேற்றைவிட அரை அங்குலம் மேலே. அழுதாள், என்னைக் கிள்ளினாள், மறுபடி ஏற்றினாள்.

1937 ஜனவரி 18, திங்கள்

மோலி இன்றுதான் பள்ளிக்கு வந்தாள். நீளக் கை வைத்த ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தேன், தழும்பு தெரியாமல் இருக்கட்டும் என்று. காலையில் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு தையல் அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் மோலி, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டுக்கொண்டு. ஒருத்தி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொடு, வலிக்காது என்றாள் மோலி.

"இது யார் தோலு?"

"என்னோடதுதான். தொடையிலிருந்து எடுத்து வச்சாங்க. அதுக்கு முன்னால எங்க வீட்டுல எல்லாருதையும் வச்சுப் பாத்தாச்சு."

"யாருது?"

"எங்க அப்பாது பதினஞ்சு நாள்தான் தாங்குச்சு" என்றாள் மோலி. "எங்க சின்னம்மாது பதினேழு நாள்!"

இரண்டாம் தடவை ஆறு நாளில் விழுந்ததை அவள் சொல்லவில்லை. நானும் வெளியே போய்த் திருத்தவில்லை.